வ்ரோத்ஸ்வாஃப் – யெலெனியா கூரா: புதுத் தண்டவாளம் போட்ட பிறகும் 126 கிலோமீட்டருக்கு ஏன் இரண்டு மணி நேரம்?

போலந்தில் படிக்கும் ஒருவர் கேட்டிருக்கும் கேள்வியின் சாரம் இது. வ்ரோத்ஸ்வாஃபிலிருந்து போஸ்னான் 165 கி.மீ., ரயிலில் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம். அதே வ்ரோத்ஸ்வாஃபிலிருந்து யெலெனியா கூரா 126 கி.மீ.தான், ஆனால் இரண்டு மணி நேரமோ அதற்கு மேலோ ஆகிறது. பாதையைப் புதுப்பித்துவிட்டார்கள், ரயில் பெட்டிகளும் புதியவை. பிறகும் ஏன் இந்த நிலை, இனி வேகம் கூடுமா, பேசாமல் பஸ்ஸில் போய்விடலாமா என்கிறார். மேலோட்டமாகப் பார்த்தால் மூன்று கேள்விகள். உள்ளே இருப்பது ஒன்றுதான்: இந்த மெதுவில் எவ்வளவு பராமரிப்புக் குறை, எவ்வளவு பாதையின் பிறவிக் குணம்? முதலாவது பணம் போட்டால் தீரும். இரண்டாவதைத் தீர்க்க வேண்டுமானால் பாதையையே வேறிடத்தில் வெட்ட வேண்டும்.

சுருக்கமான பதிலை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். வ்ரோத்ஸ்வாஃபிலிருந்து ஷ்வியெபொஜீத்செ வரையிலான முதல் பாதி சமவெளி. அங்கே பணம் போட்டால் வேகம் கூடும். அதற்கப்பால் வாவ்ப்ஜிக் நகரத்தைச் சுற்றி மலையேறி, பூப்ர் ஆற்றுப் பள்ளத்தாக்கில் இறங்கும் இரண்டாம் பாதியில், பழைய வேகத்தை மீட்கத்தான் பணம் உதவும். அந்தப் பழைய வேகத்தைப் பெரிதாகத் தாண்டிப் போக உதவாது. காரணம் 19ஆம் நூற்றாண்டில் இருக்கிறது.

வரைபடத்தில் ஒரே கோடாகத் தெரிந்தாலும் இது ஒரே பாதையாகப் பிறந்ததல்ல. முதல் துண்டு ஒரு தனியார் நிறுவனம் போட்டது. அன்றைய பிரஷ்யாவின் பிரெஸ்லாவ், அதாவது இன்றைய வ்ரோத்ஸ்வாஃப் நகரத்திலிருந்து ஃப்ரைபுர்க் என்ற ஷ்வியெபொஜீத்செ வரை 1843இல் திறந்தார்கள். மலையடிவாரத்து நிலக்கரியைச் சமவெளிக்குக் கொண்டுவருவதுதான் நோக்கம். 1853இல் அது சுரங்க நகரமான வாவ்ப்ஜிக் வரை நீண்டது. இரண்டாவது துண்டு பிரஷ்ய அரசு போட்ட சிலேசிய மலை ரயில்பாதை. அது எதிர்ப்பக்கத்திலிருந்து வந்தது. மேற்கே கோர்லிட்ஸ் பக்கம் 1865இல் தொடங்கி, 1866இல் யெலெனியா கூராவை எட்டி, 1867இல் வாவ்ப்ஜிக்கின் தெற்கு ஓரத்தில் முடிந்தது. ஆக, ஒரு பாதை நகரத்தின் வடக்கிலிருந்து ஏறி வந்தது, இன்னொன்று தெற்கு ஓரத்தைத் தொட்டது. நடுவில் இரண்டையும் தைத்தார்கள். அந்தத் தையல் போட்ட இடம்தான் இன்றைக்கும் ரயில் நகரத்தைச் சுற்றிச் சுற்றி வரும் பகுதி. வாவ்ப்ஜிக் நகர எல்லைக்குள் மட்டும் ஷ்ச்சவியென்கோ, மியாஸ்தோ, செந்த்ரும், ஃபப்ரிச்னி, க்வூவ்னி என்று வரிசையாக நிலையங்கள் வருவதைக் கவனித்திருப்பீர்கள். அந்த வளையம் முழுவதையும் ஊர்ந்தபடி சுற்றித்தான் ரயில் நகரத்தை விட்டு வெளியேறுகிறது.

இந்த வளைவுகளில் வேகம் ஏன் கூடாது என்பது எளிய கணக்கு. வளைவில் வெளித் தண்டவாளத்தை உள்தண்டவாளத்தைவிடச் சற்று உயர்த்திப் போடுவார்கள். ரயில் வெளிப்பக்கம் தள்ளப்படும் விசையில் ஒரு பங்கை அந்தச் சாய்வு தாங்கிக்கொள்ளும். போலந்தில் இந்த உயர்வு அதிகபட்சம் 150 மி.மீ. மீதி விசையைப் பயணி உடம்பால் உணர்வார். அதையும் மி.மீ. கணக்கில் ‘உயர்வுப் பற்றாக்குறை’ என்று எழுதுவார்கள். சாதாரண ரயிலுக்கு 100 மி.மீ. என்று வைத்துக்கொள்ளலாம். வளைவின் ஆரத்தை மீட்டரில் எடுத்து, இந்த இரண்டின் கூட்டுத்தொகையால் பெருக்கி, 11.8ஆல் வகுத்து, வர்க்கமூலம் கண்டால் அனுமதிக்கத்தக்க வேகம் மணிக்கு எத்தனை கி.மீ. என்று வந்துவிடும். ஆரம் 300 மீட்டர் என்றால் 300ஐ 250ஆல் பெருக்கி, 11.8ஆல் வகுத்தால் சுமார் 6,356. வர்க்கமூலம் 80. ஆரம் 400 என்றால் 92. சமவெளியில் 1,000 மீட்டர் ஆரம் கிடைத்தால் 145. மலையில் பாதை போட்டவர்கள் மண்ணையும் பாறையையும் கையால் வெட்டிய காலத்தவர்கள். குன்றைக் குடைவதைவிட அதைச் சுற்றிப் போவது மலிவு. நீராவி எஞ்சினின் வேகத்துக்கு 300, 400 மீட்டர் ஆரம் தாராளமாகவே இருந்தது.

இந்த 80கூட முழுசாகக் கிடைக்காது. இந்தப் பாதை ஓடும் கீழ்ச் சிலேசியா மாகாணம் போலந்தின் கல் குவாரி வட்டாரம். ஸ்த்ஷெகோம் கிரானைட் ஊரறிந்தது. ஜல்லியும் கல்லும் ஏற்றிய சரக்கு ரயில்கள் இந்த வட்டாரப் பாதைகளில் நிதானமாக ஊர்ந்து போகும். அவற்றுக்கு 150 மி.மீ. உயர்வு மிக அதிகம். மெதுவாகப் போகும் கனமான வண்டி உள்தண்டவாளத்தின் மேல் சாய்ந்து அதன் தலையை நசுக்கும். அதனால் உயர்வை இரு தரப்புக்கும் பொதுவாக 110 மி.மீ. அளவுக்குக் குறைத்து வைப்பார்கள். அப்போது அதே 300 மீட்டர் வளைவில் பயணி ரயிலுக்குக் கிடைப்பது 73 கி.மீ.தான். புதுத் தண்டவாளம், புது ஜல்லி, புது ஸ்லீப்பர் எல்லாம் போட்டாலும் இந்த எண் அசையாது. ‘நவீனமயம்’ என்ற சொல் பலரை ஏமாற்றுவது இங்கேதான்.

சாய்ந்து ஓடும் ரயில் வந்தால் சரியாகிவிடாதா என்று கேட்கலாம். உயர்வுப் பற்றாக்குறை 275 மி.மீ. வரை அனுமதித்தால் அதே வளைவில் 104 கி.மீ. வேகம் தாளில் கிடைக்கும். ஆனால் சாய்ந்து ஓடுவதற்குப் பெயர்போன பென்டோலினோ ரயிலைப் போலந்து வாங்கியபோது, அதுவே சாயும் வசதி இல்லாமல்தான் வந்தது. 2014 டிசம்பரிலிருந்து அவை பெரிய நகரங்களுக்கிடையே அப்படித்தான் ஓடுகின்றன. ஐந்தாறு கிலோமீட்டருக்கு ஒருமுறை நிற்கும் வட்டார ரயிலில் அந்தப் பொறியை வைத்தால், சேமிக்கும் நிமிடத்தைவிடப் பராமரிப்புச் செலவுதான் பெரிதாக நிற்கும். இது என் கருத்து. ஏற்காதவர்களும் உண்டு.

அடுத்தது ஏற்றம். வ்ரோத்ஸ்வாஃப் கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 120 மீட்டர் உயரத்தில் இருக்கிறது. வாவ்ப்ஜிக் க்வூவ்னி நிலையம் 500 மீட்டரையொட்டி. ஏறவேண்டியது சுமார் 380 மீட்டர். முதல் 50 கி.மீ. தூரத்தில் இதில் சிறு பங்குதான் தீரும். பெரும் பங்கு ஷ்வியெபொஜீத்செ தாண்டிய பிறகு வருகிறது. இங்கே கிலோமீட்டருக்கு 10 மீட்டர் ஏற்றம் என்று வைத்துக் கணக்குப் போட்டால் எதார்த்தத்துக்குப் பக்கமாக இருக்கும்.

இதற்குப் பழைய வண்டி எப்படித் திணறியது என்று பாருங்கள். போலந்தின் எந்த மூலைக்குப் போனாலும் கண்ணில் பட்ட ஈ.என்.57 மின்ரயில் தொடர், வ்ரோத்ஸ்வாஃபின் பஃபாவாக் ஆலையில் 1960களின் தொடக்கம் முதல் 1993 வரை 1,400க்கும் மேல் உருவானது. மூன்று பெட்டி, ஏறக்குறைய 126 டன், நான்கு மோட்டார், ஒவ்வொன்றும் 145 கிலோவாட். மொத்தம் 580 கிலோவாட். பயணிகளோடு 145 டன் என்று கொள்வோம். கிலோமீட்டருக்கு 10 மீட்டர் ஏற்றத்தில் புவியீர்ப்பை எதிர்க்க மட்டும் சுமார் 14 கிலோநியூட்டன் வேண்டும். காற்றும் சக்கர உராய்வும் ஒரு 7. மணிக்கு 80 கி.மீ. வேகத்தைப் பிடித்துக்கொண்டிருக்கவே கிட்டத்தட்ட 470 கிலோவாட் போய்விடும். வேகம் கூட்ட மிச்சம் 110. ஏற்றம் 15 மீட்டரானால் தேவை 630ஐ நெருங்கும். அது மோட்டாரில் இல்லை. வண்டி தானாகவே 74 கி.மீ. பக்கம் இறங்கி நிற்கும். அதாவது பழைய வண்டி ஓடிய காலத்தில் வளைவும் எஞ்சின் திறனும் ஏறக்குறைய ஒரே எண்ணில் முட்டிக்கொண்டு நின்றன. ஒன்றை மட்டும் மாற்றியிருந்தால் பயன் இருந்திருக்காது.

இப்போது இந்தப் பாதையில் அதிகம் ஓடுவது மாகாண அரசின் கொலெயே டோல்னோஷ்லோன்ஸ்கியெ நிறுவனத்தின் வண்டிகள். அது 2007இல் உருவாக்கப்பட்டது. அதன் இம்புல்ஸ் வகைத் தொடர்கள் நோவி சோன்ச் நகரத்து நேவாக் ஆலையில் செய்தவை. ஒரு டன் எடைக்கு அவற்றின் திறன் பழையதைவிடப் பல மடங்கு. நிலையத்தை விட்டுக் கிளம்பும்போது முதுகில் படும் அந்த உந்துதலே சொல்லிவிடும். ஏற்றத்தில் இனி மோட்டார் தடையல்ல. தடை வளைவு மட்டும்தான்.

மின்சாரத்துக்கும் இதில் ஒரு பங்கு உண்டு. கதையே கொஞ்சம் விசித்திரம். இந்த மலைப் பகுதியில் ஜெர்மானியர்கள் 1914லேயே மின்ரயில் ஓட்டினார்கள். இன்றைய வாவ்ப்ஜிக் ஷ்ச்சவியென்கோவிலிருந்து எல்லைக்கு அந்தப் பக்கம் உள்ள மெசிமியெஸ்தி வரை, 15,000 வோல்ட் மாறுமின்சாரத்தில். 1928இல் அது வ்ரோத்ஸ்வாஃபையும் எட்டியது. 1945இல் போர் முடிந்ததும் சோவியத் தரப்பு கம்பி, கம்பம், எஞ்சின் எல்லாவற்றையும் போர் இழப்பீடாகக் கழற்றி எடுத்துப் போய்விட்டது. போலந்து ரயில்வே 1960களின் நடுவில் மறுபடி மின்மயமாக்கியபோது, வார்சாவில் 1936இல் தொடங்கிய தன் நாட்டு முறையையே இங்கும் போட்டது: 3,000 வோல்ட் நேர்மின்சாரம். சமவெளிக்கு அது போதும். மலையேற்றத்தில் அதன் குறை தெரியும். 2 மெகாவாட் இழுக்கும் வண்டிக்கு 3,000 வோல்ட்டில் ஏறக்குறைய 670 ஆம்பியர் தேவை. 15,000 வோல்ட் என்றால் 130 சொச்சம். ஆம்பியர் கூடக்கூடக் கம்பியில் மின்னழுத்தம் விழும். ஒரே துணைமின்நிலையப் பகுதியில் இரண்டு ரயில்கள் சேர்ந்து ஏறினால், தொலைவில் இருப்பதற்கு அழுத்தம் குறையும். வண்டியின் கணினி தானாகவே இழுவையைக் குறைத்துக்கொள்ளும். ஓட்டுநர் கைப்பிடியை முழுக்கத் தள்ளியிருப்பார், வண்டி பாதி மனதோடு போகும். இறக்கத்தில் பிரேக் போட்டுக் கம்பிக்கு மின்சாரத்தைத் திருப்பி அனுப்பும் வசதி புதிய வண்டிகளில் உண்டு. ஆனால் அந்த நேரத்தில் பக்கத்தில் அதை வாங்கிக்கொள்ள இன்னொரு வண்டி ஏறிக்கொண்டிருக்க வேண்டும். இல்லாவிட்டால் அது கூரையில் இருக்கும் மின்தடையில் வெப்பமாகிக் காற்றோடு போகும்.

இவையெல்லாம் பிறவிக் குணம். பராமரிப்புக் குறை என்பது வேறு. 2000களின் பிற்பகுதியில் இந்தப் பயணம் 3 மணி நேரத்தைத் தாண்டிய காலம் உண்டு. அப்போது வளைவும் ஏற்றமும் மாறியிருக்கவில்லை. மாறியது தண்டவாளத்தின் நிலை. ஒரு சின்ன இடத்தில் வேகத்தடை போட்டால் எவ்வளவு நேரம் போகும் என்று பலர் குறைத்து மதிப்பிடுகிறார்கள். மணிக்கு 90 கி.மீ. ஓடும் பாதையில், ஒரு பழைய பாலத்துக்காக 500 மீட்டருக்கு 30 கி.மீ. தடை என்று வையுங்கள். வண்டியின் நீளம் 100 மீட்டர் என்றால் கடைசிச் சக்கரம் வெளியேறும்வரை 600 மீட்டர் தூரம் 30இலேயே போக வேண்டும். அதற்கு 72 நொடி. தடை இல்லாவிட்டால் 24. இழப்பு 48 நொடி. வேகத்தைக் குறைக்க ஒரு 9, திரும்பக் கூட்ட ஒரு 11 நொடி சேர்த்தால் 68. ஏற்றத்தில் என்றால் இன்னும் கூடும். இப்படி 30 இடங்கள் இருந்தால் அரை மணி நேரம் காணாமல் போகும். ஆனால் பாதையின் மொத்த நீளத்தில் தடை போட்டது வெறும் 15 கி.மீ.தான். நிலக்கரிச் சுரங்க நகரம் என்பதால் வாவ்ப்ஜிக் சுற்றுவட்டாரத்தில் நிலம் அமுங்கும் தொல்லையும் சேர்ந்துகொண்டது. அங்கே சுரங்கங்கள் 1990களில் மூடப்பட்டன. பூமி அதற்குப் பிறகும் கொஞ்ச காலம் இடம் தேடிக்கொண்டுதான் இருக்கும்.

2010களின் புதுப்பிப்பு மீட்டுக் கொடுத்தது இந்த அரை மணி, முக்கால் மணி நேரங்களைத்தான். ‘பணம் போட்டும் வேகம் வரவில்லை’ என்று சொல்வது அதனால் நியாயமல்ல. வேகம் வந்தது. 1970களின் கால அட்டவணைக்குப் பக்கத்தில் வந்து நின்றது.

புதிய தண்டவாளத்திலும் கோடையில் திடீரென்று வேகத்தடை வருவதற்குக் காரணம் கேட்டால் அதற்கும் கணக்கு இருக்கிறது. இப்போது தண்டவாளங்களை இணைப்பிடைவெளி இல்லாமல் பற்றவைத்து ஒரே நீளமாகப் போடுகிறார்கள். மீட்டருக்கு 60 கிலோ எடையுள்ள தண்டவாளத்தை 25 பாகை வெப்பத்தில் இறுக்கிப் பொருத்தியதாக வைத்துக்கொள்ளுங்கள். ஜூலை வெயிலில் இரும்பின் வெப்பம் 55 பாகையைத் தொடும். நீள இடமில்லாததால் உள்ளே சேரும் அழுத்தம் ஒரு தண்டவாளத்துக்கு ஏறக்குறைய 55 டன், இரண்டுக்கும் 110 டன். நேர்ப்பாதையில் அது அடங்கிக் கிடக்கும். 300 மீட்டர் வளைவிலோ ஒவ்வொரு மீட்டருக்கும் 370 கிலோ அளவுக்குப் பாதையை வெளிப்பக்கம் தள்ளும். அதைத் தடுத்து நிறுத்துவது ஸ்லீப்பர் முனைக்கு வெளியே குவித்திருக்கும் ஜல்லித் தோள் மட்டும்தான். அந்தக் குவியல் ஓரிடத்தில் சரிந்திருந்தால், அல்லது ஜல்லியைக் கிளறி வேலை பார்த்துப் பத்து நாள் ஆகாமல் இருந்தால், பாதை பாம்புபோல் நெளிய வாய்ப்பு உண்டு. அதனால் வேலை முடிந்த கையோடு முழு வேகம் தர மாட்டார்கள். குறிப்பிட்ட அளவு டன் எடை ரயில்கள் ஓடி ஜல்லி இறுகிய பிறகுதான் தடையை எடுப்பார்கள். பாதை பளபளவென்றிருக்க ரயில் ஊர்ந்தால், பெரும்பாலும் இதுதான் காரணம்.

இனி வேகம் கூடுமா? இங்கிருந்து நான் சொல்வது மதிப்பீடு. முன்னே சொன்ன கணக்குகளைப் போல உறுதியானது அல்ல. சமவெளிப் பாதியில் கோன்ட்டி, மியெத்குஃப், ஜாருஃப், யவோஜினா ஷ்லோன்ஸ்கா வழியாகப் பாதை ஏறக்குறைய நேராக ஓடுகிறது. 60 கி.மீ. தூரத்தை 100இல் ஓடினால் 36 நிமிடம், 120இல் ஓடினால் 30. நிற்காமல் போகும் ரயிலுக்கு ஆறு நிமிடம் மிச்சம், சரி. 160க்குக் கொண்டுபோனால்? நிற்கும் ரயிலுக்கு அது வீண். நிலையங்களுக்கிடையே சராசரி 6.5 கி.மீ. என்றால், 160ஐ எட்ட 2 கி.மீ., அதிலிருந்து நிற்க 1.4 கி.மீ. போய்விடும். அந்த உச்ச வேகத்தில் ஓடுவது மீதி 3 கி.மீ. மட்டுமே. ஒவ்வொரு இடைவெளியிலும் தாளில் 30 நொடி மிஞ்சும், நடைமுறையில் அதில் பாதி. மலைப் பாதியில் 50 கி.மீ. தூரத்துக்குச் சராசரி வேகத்தை 65இலிருந்து 75க்குக் கொண்டுவர முடிந்தால் ஆறு நிமிடம். அதுவும் ஒவ்வொரு வளைவிலும் உயர்வை மறுசீரமைத்து, வளைவு தொடங்கும் இடத்துச் சாய்வு நீளங்களைக் கூட்டி, நிலம் கையகப்படுத்தாமல் செய்ய முடிந்த அளவுக்குத்தான்.

உண்மையான நேரம் ஒளிந்திருப்பது நிறுத்தங்களில். 90 கி.மீ. வேகத்திலிருந்து நின்று கிளம்பினால், கதவு திறந்திருக்கும் 40 நொடியும் சேர்த்து ஒரு நிறுத்தத்துக்கு 80 நொடிக்கு மேல் செலவு. ஏற்றத்தில் 90 நொடி. பத்து நிறுத்தங்களைத் தாண்டிப் போகும் விரைவு ரயில் கால் மணி நேரம் முன்னதாகப் போய்ச் சேர்வது இதனால்தான். வண்டி ஒன்றேதான். ஆனால் வோயானுஃபிலோ த்ஷ்ச்சீன்ஸ்கோவிலோ ஏறும் மலையேற்றக்காரருக்கு அந்தப் பத்து நிறுத்தம்தான் ரயிலே. விரைவு ரயிலைக் கூட்டினால் மெதுரயிலுக்கு இடம் குறையும், ஏனென்றால் இரண்டும் ஒரே தண்டவாளத்தில் ஒன்றன்பின் ஒன்றாகத்தான் ஓட வேண்டும். பழுதுபார்ப்புக்காக இரண்டில் ஒரு பாதையை அடைத்துவிட்டால் நிலைமை இன்னும் இறுகும். 10 கி.மீ. துண்டை 70இல் கடக்க எட்டரை நிமிடம், சிக்னல் மாற இரண்டு நிமிடம். ஒரு திசைக்கு 21 நிமிடத்துக்கு ஒரு ரயில், அதற்கு மேல் நுழையாது. எதிர்த்திசை ரயில் ஐந்து நிமிடம் தாமதித்தால் உங்கள் ரயிலும் காத்திருக்கும்.

பஸ்ஸா ரயிலா என்பதற்கு வருகிறேன். சாலை காலியாக இருக்கும் வாரநாளில் பஸ் நேரத்தில் சமமாகவோ சற்று முந்தியோ வரும். வான்வழித் தூரம் 95 கி.மீ. பக்கம்தான், சாலைக்கு வாவ்ப்ஜிக்கைச் சுற்றவேண்டிய கட்டாயமும் இல்லை. வெள்ளி மாலையிலும் ஞாயிறு மாலையிலும், பனி கொட்டும் நாளிலும் ரயிலே நம்பகமானது. ஆனால் ஞாயிறு மாலை வ்ரோத்ஸ்வாஃப் திரும்பும் ரயிலில் பனிச்சறுக்குப் பலகைகளும் சைக்கிள்களும் நிரம்பி வழியும். யெலெனியா கூராவுக்கு முன்பே, மலையில் இருக்கும் ஷ்க்லார்ஸ்கா பொரெம்பா என்ற ஊரிலிருந்து வரும்போதே கூட்டம் உட்கார்ந்துவிடும். அந்த நேரத்தில் யெலெனியா கூராவிலேயே கிளம்பும் ரயில் இருந்தால் அதைப் பிடியுங்கள்.

டிக்கெட்டில் கவனிக்க வேண்டியவை சில. 26 வயதுக்குட்பட்ட, போலந்துக் கல்லூரியின் மாணவர் அட்டை வைத்திருப்பவருக்கு 51 சதவீதத் தள்ளுபடி உண்டு. அட்டையின் செல்லுபடித் தேதி தாண்டியிருந்தால் அது இல்லை, அபராதமும் வரும். மாகாண நிறுவனத்தின் டிக்கெட்டும், நெடுந்தூர ரயில்களை ஓட்டும் பி.கே.பி. இன்டர்சிட்டி நிறுவனத்தின் டிக்கெட்டும் வேறு வேறு. எந்த ரயிலில் ஏறுகிறீர்கள் என்று பார்த்து வாங்குங்கள். டிக்கெட் கவுன்ட்டர் இல்லாத சிறு நிலையத்தில் ஏறினால், நடத்துநர் உங்களைத் தேடி வரும்வரை உட்கார்ந்திருக்காதீர்கள். ஏறியதும் நீங்களே போய்ச் சொல்லி வாங்க வேண்டும். கால அட்டவணை ஆண்டுதோறும் டிசம்பர் நடுவில் மாறும், இடையிலும் சில முறை திருத்துவார்கள். போன மாதம் எடுத்த படத்தை நம்பாமல் ‘போர்ட்டல் பசாஜெரா’ இணையதளத்தில் அன்றைக்கே பாருங்கள், தாமதமும் அதில் தெரியும். அட்டவணையில் பேருந்துக் குறியோடு ‘ஜஸ்தெம்ப்ச்சா’ என்ற சொல் தெரிந்தால், அந்தத் துண்டுக்கு ரயில் இல்லை, மாற்றுப் பேருந்து என்று பொருள். அதில் சைக்கிள் ஏற்ற மாட்டார்கள் என்றே எண்ணிக்கொண்டு கிளம்புங்கள்.

வாவ்ப்ஜிக்கில் இறங்குபவர்கள் அடிக்கடி செய்யும் தவறு ஒன்று. ‘க்வூவ்னி’ என்றால் முதன்மை நிலையம், எனவே நகர நடுவில் இருக்கும் என்று நினைத்து அங்கே போய் இறங்குவார்கள். அது மலை ரயில்பாதை வந்து முடிந்த அந்தத் தெற்கு ஓரம். ஊருக்குள் போக மியாஸ்தோ அல்லது செந்த்ரும், க்ஷியோன்ஷ் கோட்டைக்கு ஷ்ச்சவியென்கோ அல்லது ஷ்வியெபொஜீத்செ. படங்களில் பார்த்த பில்ஹோவீத்செ இரும்புப் பாலத்தைத் தேடி இந்த ரயிலில் ஏறுபவர்களும் உண்டு. அது யெலெனியா கூராவிலிருந்து ல்வூவெக் ஷ்லோன்ஸ்கி பக்கம் போகும் வேறு பாதை.

வ்ரோத்ஸ்வாஃபிலிருந்து போகும்போது ரயில் போகும் திசையில் இடப்பக்க ஜன்னலைப் பிடியுங்கள். சமவெளியில் தனியாக எழுந்து நிற்கும் ஷ்லென்ஜா மலை, யனோவீத்செ தாண்டியதும் ருடாவி குன்றுகள், வானம் தெளிந்திருந்தால் கடைசியில் கர்கொனோஷே மலைத்தொடர், எல்லாம் அந்தப் பக்கம்தான். யவோஜினா ஷ்லோன்ஸ்காவில் வட்ட வடிவ எஞ்சின் கொட்டகையோடு ஒரு ரயில் அருங்காட்சியகம் இருக்கிறது. அதைப் பார்க்க இறங்கினால், அடுத்த ரயில் எப்போது என்று முதலில் குறித்துக்கொள்ளுங்கள். அது அந்த நிலையத்தில் நிற்குமா என்பதையும் பார்த்துவிடுங்கள், விரைவு ரயில்கள் எல்லா இடத்திலும் நிற்பதில்லை.